மலை முதல் கழிமுகம் வரை – 9: பிச்சாவரத்தை வானிலிருந்து பார்த்தால்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கடலுக்குப் போகும் வழியைச் சில வாரங்களாகப் பின்தொடர்ந்து வருகிறோம். கோமுகியும் மணிமுக்தாவும் மலையை விட்டு இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஒன்றாகி, விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கின்றன. சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டிப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்துக்கும் தெற்கே உள்ள கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அது விடுமுறையில் படகு ஏறப் போகும் இடம். ஆனால் அந்தக் காடு நம் மலைத் தண்ணீருக்குக் கடைமடை. கடைமடைப் பயிரின் நிறத்தைப் பார்த்தே தலைமடையில் என்ன நடக்கிறது என்று விவசாயி சொல்லிவிடுவார். பிச்சாவரத்தின் நிறத்தை அரை நூற்றாண்டாக வானிலிருந்து செயற்கைக்கோள்கள் பதிவு செய்து வருகின்றன. அந்தப் பதிவு சொல்வதையும், அதற்குச் சொல்லத் தெரியாததையும் இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு புள்ளி, 22 சென்ட்

இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்திசுக்கள் பெருமளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் ஓர் இடத்தில் எவ்வளவு பசுமை இருக்கிறது என்று கணக்கிடலாம். இதில் அலையாத்திக்குத் தனி அடையாளம் உண்டு. அதன் காலடி எப்போதும் ஈரமாக இருப்பதால், நீர் விழுங்கிக்கொள்ளும் குற்றலை அகச்சிவப்பில் அது கருமையாகத் தெரியும். கரையோரச் சவுக்குத் தோப்பையும் சீமைக் கருவேலத்தையும் அலையாத்தியிலிருந்து பிரித்துப் பார்க்க இது கைகொடுக்கிறது.

எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பது கருவியைப் பொறுத்தது. 1972இல் அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். அதற்குள் இருக்கும் வாய்க்காலும் மரமும் சேறும் கலந்து ஒரே நிறமாகிவிடும். 1980களில் வந்த லேண்ட்சாட்களில் அது 30 மீட்டர் சதுரமாக, அதாவது 22 சென்ட்டாகச் சுருங்கியது. 1988இல் தொடங்கிய நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோள் வரிசையில் பின்னர் வந்த லிஸ்-3 கருவியில் ஒரு புள்ளி சுமார் 14 சென்ட். 2015 முதல் பறக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் இரண்டரை சென்ட்தான். ஒரு வீட்டு மனை அளவு.

வெட்டவெளியும் மீன் முள்ளும்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும் சில பத்தாண்டுகள், பிச்சாவரம் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையடித்தார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும் என்பது அன்றைய கணக்கு. தழைக்கவில்லை. பழி, விறகு வெட்டியவர்கள் மீதும் மாடு மேய்த்தவர்கள் மீதும் விழுந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. தரை நடுவில் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி, காய்ந்து, உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கடலைவிட உப்பான அந்த மண்ணில் எந்த விதையும் பிழைக்கவில்லை.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. பெரிய வாய்க்கால் ஒன்றை வெட்டி, அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைப் பிரித்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலவே இருக்கும். அதன் வழியாக ஓதம் உள்ளே வந்தது. வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. வாய்க்கால் கரைகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தவர்கள், முன்பு பழி சுமந்த அதே கிராமத்து மக்கள்.

பலன் கிடைத்ததா என்பதை 1986ஆம் ஆண்டின் லேண்ட்சாட் படத்தையும் 2002ஆம் ஆண்டின் ஐ.ஆர்.எஸ். படத்தையும் ஒப்பிட்டு, அந்த நிறுவனத்தின் வி.செல்வமும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்டார்கள். பிச்சாவரத்தில் அலையாத்திப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை யாரும் ஏட்டில் எழுதிவிடலாம். பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பிழைத்தன என்பதற்கு வானத்துப் படம் சாட்சி சொன்னது. இன்றைக்கும் கணினியில் பிச்சாவரத்தின் படத்தைப் பெரிதாக்கினால் அந்த மீன் முள் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

அடுத்த ஆண்டே இந்தப் படங்களுக்கு வேறொரு வேலை வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னும் பின்னும் கடலூர் மாவட்டக் கடற்கரையைச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது அது. கரையிலிருந்து ஊர் இருந்த தூரமும் மேடும்தான் பெரிய காரணம் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. எந்த அளவுக்குக் காடு காத்தது என்ற விவாதம் நல்லது. அதை நடத்துவதற்கே, சுனாமிக்கு முன்பு காடு எங்கே எவ்வளவு இருந்தது என்ற பதிவு தேவைப்பட்டது.

படத்தில் தெரியாதவை

எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். தமிழகத்தின் அலையாத்திப் பரப்பு 23 சதுர கிலோமீட்டர் என்றது 1987ஆம் ஆண்டின் தேசிய வன நிலை அறிக்கை. 2021ஆம் ஆண்டு அறிக்கை 45 என்கிறது. இதில் நட்டு வளர்த்த காடு உண்டு. கருவியின் பார்வை கூர்மையானதால் புதிதாகக் கண்ணில் பட்ட காடும் உண்டு. படம் எடுத்த நேரத்தில் ஓதம் ஏறியிருந்தால் கரையோர இளங்கன்றுகள் தண்ணீரில் மறையும். வற்றமாக இருந்தால் தெரியும். இரண்டு வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் காடு வளர்ந்ததாகவோ அழிந்ததாகவோ தவறாக நினைக்க இடமுண்டு.

மேகமும் ஒரு தடை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியதை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்களில் சாதாரணப் படத்தில் வெள்ளை மேகம்தான் தெரியும். ரேடார் செயற்கைக்கோள்கள் தாமே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளப்பதால், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும். உலகம் முழுவதும் அலையாத்திகளைக் கணக்கெடுக்கும் திட்டம், ஜப்பானின் ரேடார் படங்களைக் கொண்டு 1996 முதலான மாற்றங்களை வரைந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பசுமை என்பதே முழுக் கதை ஆகாது. பிச்சாவரத்தில் படகிலிருந்து கை நீட்டி ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றும் மரம் அது. ஆகவே உப்பு கூடினாலும் தாங்கும். சுரபுன்னை உப்பை வேரிலேயே தடுத்துவிடப் பார்க்கும். இன்னும் சில இனங்களுக்கு நன்னீர் தாராளமாக வேண்டும். ஆறுகளில் வரும் நன்னீர் குறையக் குறைய, வெண்கண்டல் பரவி, நன்னீரை நம்பிய இனங்கள் ஒடுங்கிவிட்டன என்கிறார்கள் ஆய்வாளர்கள். பச்சை கூடியிருக்கிறது, காட்டின் வகை சுருங்கியிருக்கிறது. பரப்பை மட்டும் எண்ணும் வரைபடத்தில் இது வெற்றியாகவே பதிவாகும். கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குத்தான் தண்ணீரின் உப்பும் இறாலின் வரத்தும் மாறுவது முதலில் தெரியும்.

தலைமடையின் கணக்கு

2022இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2023–24 மத்திய பட்ஜெட்டில் அலையாத்தி வளர்ப்புக்கென மிஷ்டி திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் இரண்டின் பார்வையும் கரையோடு நின்றுவிடக் கூடாது. கோமுகி அணையும் மணிமுக்தா அணையும் நம் வயல்களுக்கு உயிர். அவற்றைக் குறை சொல்ல முடியாது. எஞ்சிய வெள்ளம் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாம் புலம்புவதைத்தான் நிறுத்த வேண்டும். அந்த வெள்ளம்தான் பிச்சாவரத்தின் உப்பைக் கழுவுகிறது. இறால் குஞ்சுகள் வளரும் கழிக்கு வண்டலைக் கொண்டுபோகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பிச்சாவரத்தின் ஆண்டுப் படத்தை வெளியிடும்போது, அதே ஆண்டில் வெள்ளாறு கடலுக்குக் கொண்டுவந்த தண்ணீரின் அளவையும் கழியின் உப்பின் அளவையும் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம். சென்டினல் படங்களும் அப்படியே. திருக்கோவிலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் உள்ள கல்லூரிப் புவியியல் மாணவர்கள், மலைச்சரிவின் காடு, அணைகளின் நீர்ப்பரப்பு, பிச்சாவரத்தின் பச்சை மூன்றையும் ஒரே காலவரிசையில் வைத்துப் பார்க்கும் வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். கடைமடையின் நிலையைத் தலைமடைக்காரர்கள் கணக்கெடுப்பது நியாயமும்கூட.

(தொடரும்)

அடுத்த இதழில்: சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு