வீட்டு பிரிட்ஜில் ரத்தம்! ஐஸ் பெட்டியோடு ரெயில் ஏறிய டாக்டர் மாணவி

எய்ட்ஸ் என்றால் வெள்ளைக்காரன் வியாதி, நம்ம ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரம் அது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்து வந்தார் டாக்டர் நிர்மலா (32). எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று ஆராயும்படி பேராசிரியை சுனிதி சாலமன் தலைப்பு கொடுத்தார்.

விபசார வழக்கில் சிக்கி, மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார் நிர்மலா. எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கையுறை கிடையாது. வசதியான லேப் கிடையாது. சீரத்தைப் பிரித்து வீட்டு பிரிட்ஜில் வைத்தார்!

1986 பிப்ரவரி. ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் காட்பாடிக்கு ராத்திரி ரெயில் ஏறினார்கள். அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

அங்கே நடந்தது 'எலிசா' பரிசோதனை. தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சீரம். கிருமிக்கு எதிரான பொருள் அதில் இருந்தால் நிறம் மாறும்.

6 குழிகள் மஞ்சளாயின. எல்லோரும் திடுக்கிட்டனர்!

அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது. மே மாதம் சட்டசபையில் அமைச்சர் எச்.வி.ஹண்டே அறிவித்தார். நாடே ஆடிப்போனது.

இன்று மீன்சுருட்டி பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை சர்வ சாதாரணம். ரத்தம் எதற்கு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஊசி போட வேண்டும். அந்த 6 பெண்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.