‘இதை நம்பாதீர்கள்’ என்று எழுதிவைத்த விபிஎன்

வயர்கார்டு என்னும் விபிஎன் மென்பொருளின் இணையதளத்தில் பல ஆண்டுகள் ஓர் அறிவிப்பு இருந்தது. வேலை இன்னும் முடியவில்லை, பாதுகாப்புத் தணிக்கை போதிய அளவு நடக்கவில்லை, நெறிமுறையே மாறலாம், ஆகவே இதை நம்பி இறங்காதீர்கள் என்பது அதன் சாரம். எழுதிவைத்தவர் போட்டியாளர் அல்லர். வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட். 2016-ல் வெளியே வந்த மென்பொருளுக்கு 1.0 என்ற எண் கிடைத்தது 2020 மார்ச்சில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 5.6 பதிப்பில் அது இடம்பெற்றபோதுதான்.

ஆனால் உலகம் அதுவரை காத்திருக்கவில்லை. ஸ்வீடனின் முல்வாட் விபிஎன் நிறுவனம் 2017-லேயே தன் வாடிக்கையாளர்களுக்கு இதைத் திறந்துவிட்டது. 2018 ஜூனில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், அரசு அலுவலகங்களின் பழைய விபிஎன்களுக்கு மாற்றாக வயர்கார்டைப் பரிசீலிக்கும்படி அந்நாட்டின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பழைய விபிஎன் முறைகளான ஓப்பன்விபிஎன், ஐபிசெக் ஆகியவற்றின் கோரங்களோடு பார்த்தால் இது ஒரு கலைப்படைப்பு என்று எழுதினார். (டோர்வால்ட்ஸ் பெயர்பெற்றது திட்டுவதில், பாராட்டு அவரிடம் அபூர்வம்.) செய்தவர் பொறுங்கள் என்கிறார், பார்த்தவர்கள் கொடுங்கள் என்கிறார்கள். இதில் சாதாரணப் பயனாளர் யார் பேச்சைக் கேட்பது?

பெரும்பாலான விபிஎன் ஒப்பீடுகள் வேகத்தை அளந்து அதோடு தீர்ப்பும் சொல்லிவிடுகின்றன. வேகத்தில் வயர்கார்டுக்குக் குறை இல்லை. ஆனால் குறியாக்கத்தில் ஓட்டை விழுந்தால் எதுவும் நின்றுபோவதில்லை. எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டேயிருக்கும். பிபிடிபி என்ற பழைய விபிஎன் நெறிமுறையின் கதை அதுதான். மைக்ரோசாஃப்ட் செய்த அதன் வடிவத்தில் உள்ள பலவீனங்களைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் புரூஸ் ஷ்னையரும் மட்ஜும் 1998-லேயே காட்டிவிட்டார்கள். 2012-ல் இன்னொரு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக், அதன் கடவுச்சொல் சோதனையை உடைக்கும் சேவையையே நிறுவிக் காட்டினார். அப்போதும் அலுவலகங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தன. விண்டோஸில் முன்கூட்டியே இருந்தது, இரண்டு கிளிக்கில் இணைந்தது, அவ்வளவுதான் காரணம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இதை வெளியாள் ஒருவர் முழுதாகப் படித்துப் பார்க்க முடியுமா என்பது. லினக்ஸுக்கான வயர்கார்டு ஏறக்குறைய 4,000 வரிகள். ஓப்பன்விபிஎன், தான் சார்ந்திருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் சேர்த்தால், லட்சங்களில் போகிறது. ஐபிசெக்கை ஆராய்ந்த ஃபெர்குசனும் ஷ்னையரும் அதன் முதல் குறையாகச் சொன்னதே அதன் சிக்கல்தான்.

அளவு குறைந்ததற்கு ஒரு துணிச்சலான முடிவு காரணம். பழைய விபிஎன்களில் இரு முனைகளும் எந்தக் குறியாக்க முறையைப் பயன்படுத்துவது என்று முதலில் பேசி முடிவுசெய்யும். அந்தப் பேச்சின் நடுவில் புகுந்து, இருப்பதிலேயே நோஞ்சான் முறையை எடுக்க வைப்பது தாக்குபவர்களுக்குக் கைவந்த கலை. வயர்கார்டு ஒரே விலைக் கடை, பேரமே கிடையாது. சாவி மாற்றத்துக்கு கர்வ்25519, குறியாக்கத்துக்கு சாச்சா20, செய்தி திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்ய பாலி1305. நாளை இவற்றில் ஒன்று உடைந்தால் உலகம் முழுக்க எல்லா முனைகளையும் புதுப்பிக்க வேண்டும். அது தெரிந்தே செய்த தேர்வு. தானியங்கிப் புதுப்பிப்பு வந்துவிட்ட காலத்தில் அது சரியான தேர்வு என்றே எனக்குப் படுகிறது.

இப்படிச் சுருக்கமாக இருந்ததால் கணித நிரூபணமும் சாத்தியமாயிற்று. டேமரின் என்ற கருவியைக் கொண்டு டோனன்ஃபெல்டும் கெவின் மில்னரும் நெறிமுறையைச் சரிபார்த்தார்கள். 2019-ல் லிப், பிளான்ஷே, பார்கவன் மூவரும் கிரிப்டோவெரிஃப் கருவியில் தனியே ஒரு நிரூபணம் தந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் கெர்னலில் சேர இழுபறிதான். டோனன்ஃபெல்ட் தன்னுடன் ஸிங்க் என்ற புதிய குறியாக்க நூலகத்தையும் கொண்டுவந்தார். கெர்னலில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று பராமரிப்பாளர்கள் மடக்கினார்கள். 2019-ல் அவர் இறங்கிவந்து, இருப்பதையே பயன்படுத்திக்கொள்ள ஒப்புக்கொண்ட பிறகே வழி திறந்தது. டோர்வால்ட்ஸின் பாராட்டே கையில் இருந்தும், கேள்வி கேட்டவர்களைத் தாண்டிப் போக முடியவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

நிரூபணம் வடிவமைப்புக்குத்தான், அதைப் பார்த்து எழுதப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் அது பொருந்தாது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக நெட்கேட் நிறுவனம் பணம் கொடுத்து எழுதவைத்த வயர்கார்டு, 13.0 பதிப்பில் வரவிருந்தது. 2021-ன் தொடக்கத்தில் அதைத் திறந்து பார்த்த டோனன்ஃபெல்ட், நிலைமை மோசம் என்று கண்டு, இன்னும் இருவரோடு உட்கார்ந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் திருத்தி எழுதினார். கடைசியில் அவசரமே வேண்டாம் என்று 13.0-லிருந்து வயர்கார்டையே எடுத்துவிட்டார்கள். 2023-ல் 13.2 பதிப்பில்தான் அது திரும்பி வந்தது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: உங்கள் சாதனத்தில் ஓடும் பிரதியை எழுதியவர் யார், அதை வேறு யார் படித்துப் பார்த்தார்?

கையில் எடுத்துப் புழங்கும்போது வரும் தொல்லைகள் வேறு ரகம். அமைப்பது சுலபம், சாவி என்பது 44 எழுத்துகள் கொண்ட ஒரு வரி, கைப்பேசிக்கு க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் போதும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறாது. ஆனால் சாவியில் ஓர் எழுத்து பிசகினால் மறுமுனை பிழைச்செய்தி தராது, மௌனமாக இருந்துவிடும். அடையாளம் தெரியாதவருக்குப் பதிலே சொல்லாமல் இருப்பது பாதுகாப்புக்கு நல்லது, அமைக்க உட்கார்ந்தவருக்குத் தலைவலி. இன்னொன்று கடிகாரம். ஒவ்வொரு கைகுலுக்கலும் (இணைப்பைத் தொடங்கும் முதல் பரிமாற்றம்) முந்தையதைவிடப் பிந்தைய நேரத்தைச் சொல்ல வேண்டும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத ராஸ்பெர்ரி பை போன்ற கருவி, மின்தடைக்குப் பின் பழைய நேரத்தோடு எழுந்தால், நேரம் சரியாகும் வரை சர்வர் அதை உள்ளே விடாது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தரங்கத்துக்காகக் காசு கொடுத்து விபிஎன் வாங்குபவர் கவனிக்க வேண்டியது இதைவிடப் பெரியது. வயர்கார்டில் ஒவ்வொரு பயனாளருக்கும் நிலையான உள்முகவரி ஒன்று உண்டு. அவர் கடைசியாக எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார் என்பதும் சர்வரின் நினைவில் இருக்கும். அலுவலகத்துக்கு இது பொருட்டே இல்லை. அடையாளத்தை மறைப்பதற்கே காசு வாங்கும் நிறுவனத்துக்கு இது சங்கடம். நார்டுவிபிஎன் இதற்காகவே முகவரி மாற்றும் அடுக்கு ஒன்றைச் சேர்த்து நார்டுலிங்க்ஸ் என்று பெயரிட்டது. சட்டமும் இதில் நுழைகிறது: இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு, விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுக்கப்பட்ட ஐபி எண் முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் மூன்றும் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. சேவை தருபவர் பதிந்துவைக்கும் விவரங்களை எந்தக் குறியாக்கமும் மறைக்காது.

வயர்கார்டு தன்னை மறைத்துக்கொள்ளவும் முயல்வதில்லை. யுடிபியில் மட்டும் ஓடுகிறது, கைகுலுக்கலின் வடிவம் எப்போதும் ஒன்று. இணையத்தைத் தணிக்கை செய்யும் அரசுகளுக்கு அடையாளம் காண்பது எளிது. ரஷ்யாவில் 2023 ஆகஸ்டில் இந்த நெறிமுறையே தடுக்கப்பட்டதாகப் பயனாளர்கள் புகார் சொன்னார்கள். அத்தகைய நாட்டுக்குப் பயணம் போகிறவர் இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

வீட்டையும் அலுவலகத்தையும் இணைக்கவோ, ரயில் நிலைய வைஃபையில் வங்கிக் கணக்கைப் பார்க்கவோ என்றால் வயர்கார்டு தயார், இன்றே போட்டுக்கொள்ளலாம். கட்டணச் சேவை என்றால் செயலியை இறக்கும் முன், அவர்கள் எந்தப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்ற பக்கத்தைப் படித்துவிடுங்கள்.