நாட்பட்ட மனநோயும் அரசாங்க உதவியும்

மனநோய்க்கும் அரசாங்கம் ஊனச் சான்றிதழ் வழங்குகிறது என்னும் செய்தி நம்மவரில் பலருக்கு வியப்பளிக்கக் கூடும். கால் முடங்கியவருக்கும் கண்பார்வை இழந்தவருக்குமே உரியது அது என்று எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில், 1995-ஆம் ஆண்டுச் சட்டமே தான் கூறிய ஏழு வகைக் குறைபாடுகளுள் மனநோயையும் ஒன்றாகக் கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பெற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21 ஆக உயர்த்தியது. பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் முதலிய நாட்பட்ட நரம்பு நோய்களும், ஹீமோபீலியா, தலசீமியா போன்ற இரத்த நோய்களும் புதிதாக இடம் பெற்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அப்பட்டியலில் இல்லை. எனினும் நீரிழிவு முற்றி ஒருவர் காலையோ பார்வையையோ இழப்பாராயின், அவ்விழப்பு கணக்கில் சேரும்.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். நோயின் பெயரைக் கண்டு மட்டும் சட்டம் சலுகை வழங்குவதில்லை. அந்நோய் மனிதனை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்பதையே அது அளக்கிறது. நூற்றுக்கு 40 விழுக்காடு என்பது பெரும்பாலான சலுகைகளுக்கு வாயிற்படி. கை கால்களின் முடக்கத்தை அளவுகருவி கொண்டு அளக்கலாம். மனத்தின் முடக்கத்தை எதைக் கொண்டு அளப்பது? இதற்கென இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை 'ஐடியாஸ்' என்பர்.

அவ்வளவுகோல் நான்கு துறைகளைப் பார்க்கிறது. குளித்து, உண்டு, உடுத்தித் தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல் ஒன்று, பிறரோடு பழகுதல் ஒன்று, பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் ஒன்று, வேலை ஒன்று. வேலை என்பதில் இல்லத்தரசியின் வீட்டு வேலையும் மாணவரின் படிப்பும் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இடையூறு இல்லையெனில் 0. முற்றிலும் இயலாதெனில் 4. இவற்றோடு, நோய் தொடங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இரண்டாண்டுக்கு உட்பட்டால் 1, இரண்டு முதல் ஐந்து வரை 2, ஆறு முதல் பத்து வரை 3, பத்துக்கு மேற்பட்டால் 4. ஆக மொத்தம் 20. கூட்டுத்தொகை 7-ஐ எட்டினால்தான் 40 விழுக்காடு என்ற வாயிற்படியைக் கடக்கலாம்.

இக்கணக்கைச் சற்று ஆழ்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பன்னிரண்டு ஆண்டுகளாக நோயுற்றவருக்கு ஆண்டுக்கணக்கிலேயே 4 மதிப்பெண் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அப்பன்னிரண்டு ஆண்டுகளை மெய்ப்பிக்கச் சீட்டு வேண்டுமே! நம்மவர் வீடுகளில் அதுதான் இருப்பதில்லை. ஊரில் முதன்முதல் வைத்தியம் பார்த்தபோது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பெற்றோரே கிழித்தெறிந்திருப்பர். 'கீழ்ப்பாக்கம்' என்பது சென்னையில் ஒரு பேட்டையின் பெயர். 1794-இல் தோன்றிய மருத்துவமனையின் வழிவந்த மனநல நிலையம் அங்கிருப்பதால், அப்பெயரே நம்மவர் வாயில் ஏளனச் சொல்லாகிவிட்டது. அப்பெயர் பொறித்த தாள், வீட்டில் மணமாகவேண்டிய பெண் இருக்கையில், பெட்டியில் தங்குமா? எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தம்மைப் பற்றிய அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளித்துள்ளது. அடுத்த முறை ஊருக்குச் செல்கையில் பழைய பதிவின் நகலை எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம்.

சீட்டுகளைச் சேர்த்தபின் வருவது மருத்துவரின் முன்னிலை. மொழிபெயர்ப்பு நமது அன்றாடத் தொழிலாதலால் இப்பகுதியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். டில்லியிலோ, போபாலிலோ, நாகபுரியிலோ மருத்துவர் இந்தியில் கேட்பார்: சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, வேலை எப்படி என்று. கடைக்காரரிடம் பேசுமளவு இந்தி கற்ற நம்மவர் எல்லாவற்றுக்கும் 'டீக் ஹை' என்று விடை கூறுவார். அது பொய்யுமன்று, மெய்யுமன்று, மரியாதை. தமிழில் கேட்டிருந்தால், 'ஏதோ இருக்கிறேன்' என்றிருப்பார். அந்த 'ஏதோ' என்ற ஒரு சொல்லில் எத்தனை இரவுகளின் உறக்கமின்மை அடங்கியிருக்கிறது என்பது தமிழறிந்தவர்க்குத் தெரியும். 'டீக் ஹை'யில் அது இல்லை. மதிப்பெண் தாளில் அது பூச்சியமாக விழும்.

மேலும், மருத்துவரிடம் செல்லும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாகவே அமைந்துவிடுகிறது. எழ இயலாத நாளில் யார்தாம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்? தலை வாரி, சலவைச் சட்டை அணிந்து, மருந்தையும் தவறாமல் உண்டு வந்து அமர்ந்தவரைக் கண்டு, 'இவருக்கென்ன குறை' என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆகவே அவரோடு வாழ்பவர் ஒருவர் உடன் செல்வது அவசியம். நோயாளியைப் பேணுவோரிடமும் விசாரித்தறிவது இம்மதிப்பீட்டின் முறையே. மனைவியோ, அண்ணனோ, இந்தி நன்கறிந்த அண்டைவீட்டுக்காரரோ செல்லலாம். கடந்த சில மாதங்களின் நிகழ்ச்சிகளைத் தேதியிட்டு எழுதிச் செல்வது இன்னும் நன்று. 'மனசு சரியில்லை' என்று எழுதுவதால் பயனில்லை. 'பத்து நாள் குளிக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார், இருமுறை. ஒரு மாதத்தில் ஒன்பது நாள் அலுவலகம் செல்லவில்லை' என்று எழுதினால், அது எம்மொழியில் பெயர்த்தாலும் பொருள் குன்றாது. மிகைப்படுத்தவும் வேண்டாம், தகுதியின்றி ஏமாற்றிச் சலுகை பெறுவோர்க்கு இச்சட்டம் ஈராண்டு வரை சிறையும், ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டுமே விதிக்க இடமளிக்கிறது. கெட்ட நாளைக் கெட்ட நாள் என்று கூறுவது மிகையாகாது.

விண்ணப்பிப்பதற்கு ஊருக்கே போகவேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. 2017-ஆம் ஆண்டு விதிகள் இருவழி வகுத்தன: விண்ணப்பதாரர் வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் கேட்கலாம், அன்றேல் அவர் சிகிச்சை பெறும் அரசாங்க மருத்துவமனையில் கேட்கலாம். 2021 ஜூன் முதல் சான்றிதழ் இணையதளத்தின் வழியேதான் வழங்கப்பெறுகிறது, யு.டி.ஐ.டி. என்னும் தனி எண்ணுடன் கூடிய அட்டையும் கிடைக்கும். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுதும் செல்லும் என்று சட்டத்தின் 58-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

சான்றிதழ் நாடெங்கும் செல்லும், உதவித்தொகை அப்படியன்று. மாநில அரசுகள் தரும் மாதத்தொகைக்கு அம்மாநிலத்தில் வசிப்பதற்குச் சான்று கேட்பார்கள்; சிலவிடத்து இத்தனை ஆண்டு வசித்திருக்கவேண்டும் என்றும் விதி இருக்கும். ஆதலின் குடிபெயர்ந்தவுடன் குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் முகவரியை மாற்றிக்கொள்ளாதவர் இரு மாநிலத்துக்கும் இடையே நின்றுவிடுவர். மத்திய அரசின் இந்திராகாந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காடு பாதிப்புள்ளவர்க்கு மட்டுமே உரியது. அதன் மத்தியப் பங்கு மாதம் 300 ரூபாய். இத்தொகை ஒரு மாத மாத்திரைக்கும் போதாதென்பதை மறைப்பதற்கில்லை.

வருமானவரியில், பழைய முறையைத் தேர்ந்தவர்க்கு 75,000 ரூபாய் வரையும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்க்கு 1,25,000 ரூபாய் வரையும் கழிவு உண்டு. மத்திய அரசு ஊழியராக வெளிமாநிலம் வந்தவர்கள் அறியவேண்டியது வேறொன்று. மனநோயால் பிழைப்புக்கு வழி தேட இயலாத மகனுக்கோ மகளுக்கோ, 25 வயது கடந்தபின்னும், வருமான வரம்புக்கு உட்பட்டு, வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அப்பிள்ளையின் பெயரை அலுவலகத்தில் தெரிவித்து, ஓய்வூதிய ஆணையில் ஏறச் செய்துவிடலாம். தந்தையின் மறைவுக்குப்பின், நோயுற்ற பிள்ளையே மனுவைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலையை அது தவிர்க்கும்.

'சான்றிதழ் வாங்கினால் வேலை போய்விடுமே' என்று அஞ்சுவோரும் உளர். அரசாங்க நிறுவனத்தில் பணியிலிருக்கையில் குறைபாடு நேர்ந்தால், அதன் காரணமாக நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது. ஏற்ற வேறு பணிக்கு அதே ஊதிய விகிதத்தில் மாற்றவேண்டும் என்பது 20-ஆம் பிரிவு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், 2021 டிசம்பரில், மனநோய் காரணமாக எழுந்த நடத்தைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கம்பெனிகளில் நிலைமை இத்துணை உறுதியானதன்று. அங்கு சான்றிதழைப் பெற்று வைத்திருப்பது வேறு, முதலாளியிடம் காட்டுவது வேறு. எப்போது காட்டுவதென்பதை அவரவரே முடிவு செய்யவேண்டும்.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவது அதிகாரியின் கடமை. அத்தாளுடன் மாநில அரசு குறிப்பிட்டுள்ள மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். விண்ணப்பம் நிறைவேறும்வரை, தமிழில் மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டுமெனில், 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, அச்சேவையின் மொழிகளில் தமிழும் உண்டு. மனநோய்க்குரிய சான்றிதழ் பலருக்குத் தற்காலிகமாகவே தரப்படுகிறது. அதில் முடிவுத்தேதி அச்சிட்டிருக்கும். அத்தேதிக்கு மூன்று மாதம் முன்னரே மறுமதிப்பீட்டுக்கு எழுதிவிடுவது நலம். அப்போதும் அந்தத் தேதியிட்ட குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லவேண்டும்.