ஞானஸ்நானம் ஒரே முறைதான்

மைசூர்த் தமிழர் எவருக்கும் புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரியும். அதற்கு 1933-ல் அடிக்கல் நாட்டப்படுவதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் முன்பே, ஞானஸ்நானம் பற்றிய பெரிய கேள்வி ஒன்று இச்சீமையில் எழுந்தது.

திப்பு சுல்தான் காலத்தில் சிறைப்பிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்ட கிறிஸ்தவர்கள் பலர் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். 1799-ல் கோட்டை வீழ்ந்தபின், அவர்களைத் திருச்சபையில் மீண்டும் சேர்க்கும் பணிக்கு வந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா.

திரும்பி வருவோருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. ஞானஸ்நானம் ஆயுளில் ஒரே முறைதான். அது ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாது. விலகிப் போனவர் மனம் வருந்தி, பாவசங்கீர்த்தனம் செய்து திரும்பலாம். பலவந்தத்தால் பெயரை மாற்றலாம். முத்திரையை அழிக்க இயலாது.

துபுவா நம் நாட்டு உடை உடுத்தி மக்களோடு வாழ்ந்தார். மைசூர்ச் சீமையில் அம்மை குத்தும் பணி பரவ உழைத்தார். ஆனால் 1823-ல் வெளிவந்த தம் கடிதங்களில், தாம் புதிதாகக் கிறிஸ்தவராக்கியவர்கள் 200 முதல் 300 பேர்தான் என்றும், அவர்களிலும் பலர் திருமணம் போன்ற உலகியல் காரணங்களுக்காக வந்தவர்கள் என்றும் ஒளிக்காமல் எழுதினார். தலைகளை எண்ணுவது தொண்டாகாது என்பதை அவர் அனுபவமே காட்டுகிறது.

இன்றும் குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதற்காக வாக்குக் கொடுக்கின்றனர். தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம் போதும். வாக்கைக் காக்க ஓர் ஆயுள் வேண்டும்.