தமிழ்ச் சித்திரக்கதைகளில் வாசகர் கருத்து

தமிழ்ச் சித்திரக்கதைகளில் வாசகர் கருத்து என்பது, சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகிய இதழ்களின் வாசகர்கள் கதைகளைப் பற்றித் தெரிவிக்கும் மதிப்பீடுகளைக் குறிக்கும். இருண்ட கதைக்களம் கொண்ட கிராஃபிக் நாவல்கள், அமானுடப் பழிவாங்கல் கதைகள், முடிந்த கதைகளின் தொடர்ச்சிகள் ஆகியவை குறித்தே கருத்து வேறுபாடுகள் மிகுதியாக எழுகின்றன.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சிவகாசி, அச்சுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம் ஆகும். இங்கு 1972 ஆம் ஆண்டு முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு முத்து காமிக்ஸ் தொடங்கப்பட்டது. இதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' ஆகும். 1984 ஆம் ஆண்டு எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் மலிவான தாளில் கறுப்பு வெள்ளையில் வந்த இவ்விதழ்கள், 2012 முதல் வண்ணத்திலும் உயர்தரத் தாளிலும் வரத் தொடங்கின.

கருத்துகளின் முக்கியத்துவம்

இவ்விதழ்களில் வாசகர் கடிதங்களுக்கும், ஆசிரியர் வாசகரோடு உரையாடும் பகுதிக்கும் நெடுங்காலமாக இடம் உண்டு. அச்சாகும் படிகள் குறைவு. விற்பனையில் பெரும்பகுதி முன்பணமாகச் செலுத்தப்படும் சந்தாவைச் சார்ந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு உரிமத் தொகையும் செலுத்த வேண்டியுள்ளது. ஆகவே வாசகர்கள் ஒரு தொடரை ஏற்காவிடில், அதன் அடுத்த பாகம் தமிழில் வராமலே போகக்கூடும்.

இருண்ட கதைகள் குறித்த கருத்துகள்

பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹாம் எழுதி, ரோசின்ஸ்கி வரைந்த 'வெஸ்டர்ன்' என்ற நூல் 'எமனின் திசை மேற்கு' என்ற பெயரில் தமிழில் வெளியானது. டிசியானோ ஸ்கிளாவி 1986 இல் இத்தாலியில் உருவாக்கிய டைலன் டாக் என்னும் பேய்க்கதைத் துப்பறிவாளரும் தமிழுக்கு வந்துள்ளார். இத்தகைய கதைகள் குறித்து வாசகர்கள் இரு சாராராகப் பிரிகின்றனர்.

சிறுவயதில் மாயாவியைப் படித்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். அவர்களின் வயதுக்கேற்ற கதைகளும் தேவை என்பது ஒரு சாராரின் கருத்து. நாள் முழுவதும் உழைத்துவிட்டு இளைப்பாறவே சித்திரக்கதை படிப்பதாகவும், அதில் நாயகன் வெல்ல வேண்டும் எனவும் மறு சாரார் கூறுகின்றனர். துயர முடிவு கொண்ட கதைகளை இவர்கள் 'அழுகாச்சி காவியம்' என்று கேலியாகக் குறிப்பிடுவதுண்டு.

அமானுடமும் விதிகளும்

மாயாவியின் ஆற்றலுக்குத் தெளிவான விதிகள் உண்டு. உடலில் மின்சாரம் பாய்ந்தால் மட்டுமே அவர் மறைவார். அப்போதும் இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் குறையே கதைக்கு ஆபத்தையும் விறுவிறுப்பையும் தருகிறது. இறந்து மீண்டு வந்து பழிவாங்கும் நாயகனுக்கோ மீண்டும் சாவு இல்லை. எனவே அவன் வெல்வானா என்ற கேள்வி எழுவதில்லை. பழிவாங்கிய பின் அவனுக்கு என்ன எஞ்சும் என்ற கேள்வியே கதையைத் தாங்க வேண்டியிருக்கிறது. விதிகளுக்குப் பழகிய வாசகர்களுக்கு இது நிறைவளிக்காமல் போவதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம் எனலாம்.

தொடர்ச்சிகளின் சிக்கல்

பழிவாங்கல் கதை, பழி தீர்ந்ததும் முடிந்துவிடுகிறது. தொடர்ச்சி எழுத வேண்டுமெனில் புதிய இழப்பு ஒன்றைப் படைக்க வேண்டும். இதற்கு அமெரிக்கரான ஜேம்ஸ் ஓ'பார் படைத்த 'தி குரோ' சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். மது அருந்தியவர் ஓட்டிய வாகனத்தால் தம் காதலி இறந்த துயரத்திலிருந்து அவர் இக்கதையை 1981 இல் வரையத் தொடங்கினார். அது 1989 இல் வெளிவந்தது. 1996 இல் வெளியான 'டெட் டைம்' என்ற அடுத்த கதையில் நாயகனே மாறிவிட்டான். காகமும் மீண்டெழுதலும் தொடர்ந்தன. மூல நூலின் சொந்தத் துயரத்தை அவற்றால் மட்டும் கொண்டுவர முடியுமா என்பதே இத்தகைய தொடர்ச்சிகளின் மீதான முதன்மையான விமர்சனம் ஆகும்.

தமிழ் மரபில் பழையனூர் நீலி கதை இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் அடுத்த பிறவியில் பழி தீர்க்கிறாள். இங்கு தொடர்ச்சியே கதையின் மையம். மேலும், நீலியிடம் அவனை ஒப்படைத்து, அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்த வேளாளர் எழுபதுபேரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர். பழியின் விலையைப் பிறரும் செலுத்துவதால் கதை எளிய நீதியாக முடிவதில்லை.

அமானுடம் இல்லாத தொடர்களிலும் இவ்விவாதம் உண்டு. 'இரத்தப் படலம்' என்ற பெயரில் தமிழில் வந்த 'பதின்மூன்று' தொடரின் 18 பாகங்கள் 2010 இல் ஒரே தொகுப்பாக வெளியாயின. மூலப் படைப்பாளிகளான வான் ஹாம், வான்ஸ் ஆகியோர் 2007 இல் விலகிய பின், 2011 முதல் வேறு படைப்பாளிகள் தொடரை நீட்டித்தனர். முடிந்த கதையை நீட்டுவது தேவையா என்போரும், விருப்பமான நாயகனை மீண்டும் காண்பதே போதும் என்போரும் தமிழ் வாசகரிடையே உள்ளனர்.

இவற்றையும் பார்க்க

முத்து காமிக்ஸ்
லயன் காமிக்ஸ்
இரும்புக்கை மாயாவி
பழையனூர் நீலி
சிவகாசி