லிவோர்னோ

லிவோர்னோ இத்தாலி நாட்டின் டஸ்கனி மண்டலத்தில், லிகூரியக் கடலின் கரையில் அமைந்துள்ள ஒரு துறைமுக நகரம் ஆகும். லிவோர்னோ மாகாணத்தின் தலைநகரமும் இதுவே. இங்கு ஏறத்தாழ 1,50,000 மக்கள் வாழ்கின்றனர். இதற்கு வடக்கே சுமார் 20 கிமீ தொலைவில் பீசா நகரம் உள்ளது. பெரும் பயணக் கப்பல்களில் இங்கு வந்திறங்கும் பயணிகளுள் பலர் நகரைப் பார்க்காமல் நேரடியாகப் பீசாவுக்கும் புளோரன்சுக்கும் சென்றுவிடுகின்றனர். பழங்காலக் கோயில்களோ, சாய்ந்த கோபுரம் போன்ற புகழ்பெற்ற சின்னமோ இங்கு இல்லை. எனினும், பல இனத்தவரும் பல சமயத்தவரும் சேர்ந்து வாழ்வதற்கெனச் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட நகரம் என்ற வகையில் இது ஐரோப்பிய வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது.

பெயர்

ஆங்கிலேயர் இந்நகரை நீண்ட காலம் லெக்கார்ன் என்று அழைத்து வந்தனர். 19 ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தின் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கோழி இனத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. முட்டைக்காக உலகெங்கும் வளர்க்கப்படும் வெள்ளை லெக்கார்ன் கோழி இந்நகரின் பெயரையே தாங்கியுள்ளது.

வரலாறு

தொடக்கம்

நடுக்காலத்தில் லிவோர்னோ ஒரு சிறிய மீனவர் ஊராகவே இருந்தது. பீசாவின் பழைய துறைமுகம் வண்டல் படிந்து பயனற்றுப் போகவே, இவ்வூரின் மதிப்பு உயர்ந்தது. 1421 ஆம் ஆண்டில் புளோரன்ஸ் குடியரசு 1,00,000 பொன் புளோரின் நாணயங்கள் கொடுத்து ஜெனோவாவிடமிருந்து இதனை வாங்கியது. பின்னர் டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பத்தினர் இதனைத் தம் முதன்மைத் துறைமுகமாக்க முடிவு செய்தனர். கட்டடக் கலைஞர் பெர்னார்தோ புவொந்தலெந்தி வரைந்த திட்டப்படி, அகழி சூழ்ந்த ஐங்கோண வடிவ நகருக்கு 1577 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

லிவோர்னோச் சட்டங்கள்

நகரைக் கட்டுவது எளிதாக இருந்தது. அதில் குடியேற மக்களை வரவழைப்பதே கடினமாக இருந்தது. இதற்குத் தீர்வாகப் பெருங்கோமகன் முதலாம் பெர்டினாண்டோ 1591, 1593 ஆம் ஆண்டுகளில் லிவோர்னீனே எனப்படும் சட்டங்களை வெளியிட்டார். கிரேக்கர், ஜெர்மானியர், ஸ்பானியர், போர்த்துக்கேயர், யூதர், துருக்கியர், ஆர்மேனியர், பாரசீகர் எனப் பல நாட்டு வணிகரும் இதன் மூலம் அழைக்கப்பட்டனர். சமய வழிபாட்டுக்கு உரிமை, வரிச் சலுகை, பிற நாடுகளில் பட்ட கடன்களுக்காகத் தொடுக்கப்படும் வழக்குகளிலிருந்து பாதுகாப்பு ஆகியவை அவர்களுக்கு அளிக்கப்பட்டன.

இதனால் அதிகப் பயன் அடைந்தவர்கள், ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் துன்புறுத்தப்பட்ட யூதர்கள் ஆவர். அக்காலத்தில் வெனிசு, ரோம், புளோரன்ஸ் ஆகிய நகரங்களில் யூதர்கள் கெட்டோ எனப்படும் மூடிய குடியிருப்புகளில் அடைக்கப்பட்டிருந்தனர். லிவோர்னோவில் அத்தகைய கெட்டோ ஒருபோதும் அமைக்கப்படவில்லை. யூதர்கள் வீடு வாங்கவும், தமக்குள் எழும் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொள்ளவும் உரிமை பெற்றிருந்தனர்.

1606 ஆம் ஆண்டில் லிவோர்னோவுக்கு நகர உரிமை வழங்கப்பட்டது. 1676 ஆம் ஆண்டில் இது வரியற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இங்கு இறக்கிச் சேமித்து வைக்கப்படும் சரக்குகளை மீண்டும் வேறு நாடுகளுக்கு அனுப்பச் சுங்கத் தீர்வை செலுத்த வேண்டியதில்லை. இதனால் வட ஐரோப்பாவுக்கும் கிழக்கு நடுநிலக்கடல் நாடுகளுக்கும் இடையிலான வணிகத்தில் இது ஒரு சரக்குக் கிடங்காக விளங்கியது.

பவள வணிகமும் சென்னையும்

நடுநிலக்கடலில் எடுக்கப்பட்ட செம்பவளம் லிவோர்னோவில் பட்டை தீட்டப்பட்டு விற்கப்பட்டது. யூத வணிகர்கள் லிஸ்பன் வழியாகக் கோவாவுக்கும், லண்டன் வழியாகச் சென்னைக்கும் பவளத்தை அனுப்பி, மாற்றாக இந்திய வைரங்களைப் பெற்றனர். சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெரு, அங்கு வாழ்ந்த இத்தகைய யூதப் பவள வணிகர்களால் பெயர் பெற்றது.

அடிமைகள்

ஒருபுறம் அயலவரை வரவேற்ற இதே நகரம் மறுபுறம் ஓர் அடிமைச் சந்தையாகவும் இருந்தது. புனித ஸ்தேவான் படைப்பிரிவைச் சேர்ந்த போர்க்கப்பல்கள் இங்கிருந்து சென்று வட ஆப்பிரிக்க, துருக்கியக் கப்பல்களைத் தாக்கின. அவற்றில் சிறைபிடிக்கப்பட்ட முஸ்லிம்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் ஆக்கப்பட்டனர். பாஞ்ஞோ என்ற பெரிய கட்டடத்தில் அவர்கள் இரவில் அடைத்து வைக்கப்பட்டனர். அதனுள் அவர்கள் தொழுவதற்கு இடமும் இருந்தது. துருக்கிய வணிகன் உரிமையோடு தங்கியதும், துருக்கியக் கைதி சங்கிலியோடு உழைத்ததும் ஒரே நகரில், ஒரே அரசனின் ஆணையால் ஆகும். வணிக நலன் கருதியே இங்குச் சகிப்புத்தன்மை வழங்கப்பட்டது என்பதை இது காட்டுகின்றது.

அறிவொளிக் காலம்

பிற இடங்களில் அச்சிட இயலாத நூல்கள் லிவோர்னோவில் அச்சாயின. மரண தண்டனையையும் சித்திரவதையையும் எதிர்த்துச் செசாரே பெக்காரியா எழுதிய 'குற்றங்களும் தண்டனைகளும்' என்ற நூல் 1764 ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி இங்கு வெளியானது. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஒரு பதிப்பும் 1770 முதல் இங்கு அச்சிடப்பட்டது. பெக்காரியாவின் கருத்துகளை ஏற்ற டஸ்கனி அரசு 1786 ஆம் ஆண்டில் மரண தண்டனையை ஒழித்தது.

பிற்காலம்

இத்தாலி ஒன்றிணைந்த பின்னர், 1868 ஆம் ஆண்டில் வரியற்ற துறைமுகத் தகுதி நீக்கப்பட்டது. வணிகம் குறையவே, கப்பல் கட்டுதலும் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. தொழிலாளர் இயக்கங்களும் வலுப்பெற்றன. 1921 ஆம் ஆண்டு சனவரி 21 அன்று இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சி இந்நகரிலேயே தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், குறிப்பாக 1943 ஆம் ஆண்டின் குண்டுவீச்சுகளில், நகர மையத்தின் பெரும்பகுதி அழிந்தது. 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதர் தொழுகைக்கூடமும் இவ்வாறு சிதைந்தது. அதே இடத்தில் புதிய கூடம் 1962 இல் கட்டப்பட்டது. 1991 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று மோபி பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே எண்ணெய்க் கப்பல் ஒன்றில் மோதித் தீப்பிடித்ததில் 140 பேர் உயிரிழந்தனர்.

காணத்தக்க இடங்கள்

நான்கு மூர்கள் நினைவுச்சின்னம்: துறைமுகத்தை அடுத்த மிக்கேலி சதுக்கத்தில் உள்ளது. மேலே முதலாம் பெர்டினாண்டோவின் பளிங்குச் சிலையும், அதன் காலடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நான்கு அடிமைகளின் வெண்கலச் சிலைகளும் உள்ளன. வெண்கலச் சிலைகளைப் பியெத்ரோ தாக்கா 1620களில் வார்த்தார். பாஞ்ஞோவில் இருந்த கைதிகளை மாதிரியாகக் கொண்டே அவர் இவற்றை வடித்தார் என்பர். அரசனைப் போற்ற எழுந்த சின்னமாயினும், காண்போரின் கண்கள் கைதிகளின் முகங்களிலேயே தங்குகின்றன. நான்கு மூக்குகளையும் ஒருங்கே காணக்கூடிய ஓர் இடம் சதுக்கத்தில் உண்டு. அதனைத் தேடி நிற்பது உள்ளூர் வழக்கம்.

பழைய கோட்டை: 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட செங்கற்கோட்டை. இதனுள் அதைவிடப் பழமையான வட்டக் கோபுரம் ஒன்றும் உள்ளது.

புதிய வெனிசு: 1629 முதல் அமைக்கப்பட்ட வணிகர் குடியிருப்பு. சரக்குகளைப் படகிலிருந்து நேரடியாகக் கிடங்குகளுக்குள் ஏற்றுவதற்காகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. போரின் அழிவுக்குப் பெரும்பாலும் தப்பிய பகுதி இதுவாகும். கோடைக்காலத்தில் இங்கு 'வெனிசு விளைவு' என்னும் விழா நடைபெறுகின்றது. கால்வாய்ப் படகுகள் குடியரசுச் சதுக்கத்தின் அடியிலும் செல்கின்றன. அச்சதுக்கம் உண்மையில் கால்வாயின் மேல் கட்டப்பட்ட மிக அகலமான ஒரு பாலம் ஆகும்.

மதோன்னா தெரு: மதோன்னா தேவாலயம், கிரேக்கக் கத்தோலிக்கர் தேவாலயம், ஆர்மேனியர் தேவாலயம் ஆகிய மூன்றின் முகப்புகளும் இச்சிறு தெருவில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. லிவோர்னோச் சட்டங்களின் பயனைக் கண்ணால் காண இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மஸ்காஞ்ஞி மேல்தளம்: கடலை ஒட்டி, கறுப்பு வெள்ளைச் சதுரங்கப் பலகை போன்ற தளத்துடன் 1920களில் அமைக்கப்பட்டது. மாலை வேளைகளில் நகர மக்கள் இங்குக் கூடுகின்றனர்.

உணவு

கச்சூக்கோ என்னும் மீன் குழம்பு நகரின் அடையாள உணவாகும். கணவாய், இறால், பலவகைப் பாறை மீன்கள் ஆகியவை தக்காளியுடன் வேகவைக்கப்பட்டு, பூண்டு தேய்த்த சுட்ட ரொட்டியின் மேல் ஊற்றப்படுகின்றன. கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுடும் ஒருவகை அடை ரொட்டிக்குள் வைத்து உண்ணப்படுகின்றது. இதற்கு 'ஐந்தும் ஐந்தும்' என்று பெயர். ஐந்து காசுக்கு ரொட்டியும் ஐந்து காசுக்கு அடையும் வாங்கிய காலத்திலிருந்து இப்பெயர் வழங்குகின்றது.

புகழ்பெற்றவர்கள்

ஓவியர்கள் ஜொவான்னி பத்தோரி, அமெதேயோ மொதில்யானி, இசையமைப்பாளர் பியெத்ரோ மஸ்காஞ்ஞி, இத்தாலியக் குடியரசுத் தலைவராக (1999–2006) இருந்த கார்லோ அசெல்யோ சியாம்பி ஆகியோர் இங்குப் பிறந்தவர்கள். மொதில்யானி தம் சிற்பங்களைக் கால்வாயில் எறிந்தார் என்பது வழிவழிச் செய்தி. 1984 ஆம் ஆண்டில் கால்வாயைத் தோண்டியபோது மூன்று கல் தலைகள் கிடைத்தன. அவை உண்மையானவை என வல்லுநர் பலர் உறுதி கூறினர். அவற்றுள் ஒன்றை மின் துளைக்கருவியால் தாங்களே செதுக்கியதாக மாணவர் மூவர் பின்னர் செய்து காட்டினர். மற்ற இரண்டும் போலி எனத் தெரிய வந்தது.

போக்குவரத்து

பீசாவிலிருந்து தொடருந்தில் இருபது நிமிடங்களுக்குள்ளும், புளோரன்சிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலும் இந்நகரை அடையலாம். பீசா விமான நிலையமே அண்மையில் உள்ளது. கோர்சிகா, சார்தீனியா, கப்ராயா ஆகிய தீவுகளுக்கு இங்கிருந்து கப்பல்கள் செல்கின்றன. நகர மையம் சமதளமாகவும் சிறியதாகவும் இருப்பதால், மேற்கூறிய இடங்களுள் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.