வண்டி கால் பணம், ரிப்பேர் முக்கால் பணம்! பழைய சுமோ, குவாலிஸ் வாங்கலாமா?

நெல்லை,-

பத்துப் பேர் தாராளமாக ஏறலாம். மேடு பள்ளத்துக்கு அஞ்சாது. விலையோ ஒரு புது மோட்டார் சைக்கிள் விலைதான். இந்த ஆசையில் பழைய பெரிய டீசல் வண்டிகளை வாங்கிவிட்டு, ஒர்க் ஷாப் வாசலில் தவம் கிடப்பவர்கள் நெல்லையில் ஏராளம்.

டவுனில் சின்னதாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவரின் கதை இது. மனைவியின் வளையல்களை அடகு வைத்து, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு 2005-ம் ஆண்டு மாடல் வண்டி ஒன்றை வாங்கினார். "அண்ணாச்சி, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் புரோக்கர். அண்ணாச்சியும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்.

முதல் பயணம் குடும்பத்தோடு திருச்செந்தூருக்கு. ஆழ்வார்திருநகரி தாண்டியதும் பானெட்டில் இருந்து குபுகுபுவென்று ஆவி. குடும்பம் பஸ் ஏறியது. வண்டி ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி நெல்லைக்கு வந்து சேர்ந்தது.

சினிமா வண்டி

1994-ல் டாடா சுமோ வந்தபோது அதற்கு ஏக மவுசு. கம்பெனியின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கர் பெயரில் இருந்து எடுத்த பெயர் என்று சொல்வார்கள். தமிழ் சினிமாவில் வில்லனின் ஆட்கள் வருவது சுமோவில். கடைசியில் வானத்தில் பறந்து வெடிப்பதும் சுமோதான்! 2000-ல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. கல்யாண வீடு, குற்றால சீசன், சபரிமலை யாத்திரை எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு வண்டிகள்தான்.

குவாலிஸ் 2005-ல் நின்றது. சுமோவும் 2019-ல் நின்றது. ஆகவே இன்று கைக்கு வரும் குவாலிஸ் எல்லாமே 20 வயதைத் தாண்டியது. சுமோவிலும் பாதி கிழடுதான்.

சூடு பட்ட ஹெட்

பழைய டீசல் வண்டிக்கு முதல் எதிரி சூடு. கூலன்ட் ஊற்றாமல், வழியில் கிடைத்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியே ஓட்டியிருப்பார்கள். உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஊருக்குள் ஓடும்போது தெரியாது. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போனாலோ, மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றம் ஏறினாலோ குட்டு வெளிப்பட்டுவிடும். கேஸ்கட் போகும். ஹெட் வளையும், அல்லது விரிசல் விடும்.

அண்ணாச்சியின் வண்டிக்கு நடந்ததும் இதுதான். ரேடியேட்டர் வேலை, ஹெட் லேத் வேலை, கேஸ்கட், கூலி எல்லாம் சேர்ந்து 25 ஆயிரம் ரூபாயை விழுங்கியது. எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை பார்ப்பது என்றால் முக்கால் லட்சம், ஒரு லட்சம் என்று போகும்.

குவாலிசில் இன்னொரு கண்டம் டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சில ஆயிரத்துக்குப் பார்த்து அதை விட்டால், பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே காலி.

புகை சொல்லும் சேதி

வண்டியைப் பார்க்கக் காலையில் போக வேண்டும். எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். கரும்புகை வந்தால் இன்ஜெக்டர், பம்ப் வேலை இருக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. வெண்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்!

அடுத்தது அடிப்பாகம். ஸ்டீயரிங்கில் ஆட்டம், பள்ளத்தில் "டக் டக்" சத்தம் இருந்தால் பால் ஜாயின்ட், புஷ் வேலை நிச்சயம். கிளட்ச் செட் மாற்ற 10 ஆயிரம் வரை வரும். டயர் ஒன்று 6 ஆயிரம் என்றாலும் ஸ்டெப்னியோடு 30 ஆயிரம். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் துருவைப் பார்க்க வேண்டும். மேலே புது பெயிண்ட் மின்னும். மேட்டைத் தூக்கினால் தரை தெரியும்.

வெள்ளத்தில் குளித்தவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பொங்கியதை நெல்லை மறக்காது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் எல்லாம் தண்ணீர். அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்றால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கறை இருந்தால் ஆற்றில் குளித்த வண்டி. ஏர் பில்டர் வழியாகத் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். டைனமோ, ஸ்டார்ட்டர், ஒயரிங் ஒவ்வொன்றாகப் பிறகு பழிவாங்கும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ள சேதத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது.

ஆர்.டி.ஓ. செலவு

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அப்புறம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கார் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ஆனது. 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 7,897 ரூபாய். ஆறுதல் ஒன்றே ஒன்று: உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது.

அண்ணாச்சி ஆர்.சி. புத்தகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. பதிவு காலம் முடிந்திருந்தது. பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, என்.ஓ.சி. உண்டா, சேஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்க்காமல் வாங்கி, பிறகு போலீஸ் நிலையத்துக்கு நடப்பவர்களும் உண்டு. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். வழக்கு வீட்டுக்கு வரும்.

ஆக மொத்தம்

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படியும் இல்லை. ஒரே கையில் இருந்து, ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த வண்டி என்றால் இன்னும் பல வருடம் உழைக்கும். உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு இதன் நட்டு போல்ட்டு எல்லாம் அத்துப்படி. ஆனால் கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் 90 ஆயிரத்துக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மீதி அறுபதும் முதல் ஆண்டிலேயே வேலைக்கு வரும்.

பாத்திரக் கடைக்காரரின் வண்டி இப்போது ஓடுகிறது. வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. "வண்டி பாக்கப் போகையில ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயிருக்கணும் தம்பி. அவருக்கு ஐநூறு ரூவா கொடுக்கணுமேன்னு யோசிச்சேன்" என்கிறார் அவர்.